மூன்று கல் அடுப்பின் வரலாறு

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து எனது பெறாமகள் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். கோடை விடுமுறையில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து, வடக்கேயுள்ள வனப் பூங்கா ஒன்றில் மூன்று நாட்கள் கூடாரமடித்துத் தங்கப் போகிறார்களாம். "சித்தப்பா, பிள்ளையளும் சாப்பிடக்கூடியதா, லேசாச் சமைக்கக்கூடிய சாப்பாடு கொஞ்சம் எழுதி அனுப்புங்கோ. இஞ்சை எல்லாரும் சொசேஜும் பாணும்தான் சுடினம்" என்று கேட்டிருந்தாள். கடிதத்தின் இறுதியில் இன்னொரு வரியும் இருந்தது. "அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக விருப்பம். ஆனா கூடாரம் எண்ட சொல்லைக் கேட்டாலே எழும்பி அங்காலை போயிடுறா."

சமையற் குறிப்பு எழுதுவது எனது தொழில் அல்ல. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதி வந்தவனிடம் இப்படியொரு கேள்வி வந்தது முதலில் சிரிப்பைத் தந்தது. பின்னர் யோசித்துப் பார்த்தேன். அவள் 1997ஆம் ஆண்டு அக்கராயன் மருத்துவமனையில் பிறந்தவள். பிறந்து முதல் ஓராண்டுக் காலம் அவள் வளர்ந்ததே ஒரு தறப்பாளின் கீழ், மூன்று கல் அடுப்பின் புகையில்தான். அவளுக்கு அது நினைவிருக்க நியாயமில்லை. அவளது தாயாருக்கு, அதாவது எனது அண்ணிக்கு, அது மட்டும்தான் நினைவிருக்கிறது.

கனடாவில் 'கேம்ப்' என்றால் விடுமுறை. எமது ஊர்களில் 'முகாம்' என்றால் ஒன்று இராணுவ முகாம், மற்றது அகதி முகாம். ஆனால் வன்னியில் குடும்பம் குடும்பமாக வெளியிலே தங்கி, மரத்தடியில் சமைத்துச் சாப்பிட்ட வழக்கம் போருடன் தொடங்கியதல்ல. அதற்குப் பல தலைமுறை முந்தியது அது. போர் அந்த வரலாற்றின் கடைசி அத்தியாயம். கடைசி அத்தியாயம் மிகக் கொடியதாக இருந்ததால், முன்னைய அத்தியாயங்களை நாம் மறந்துவிட்டோம். பெறாமகளுக்குப் பதில் எழுதுமுன் அவற்றை ஒருமுறை வரிசைப்படுத்திப் பார்க்க விரும்பினேன்.

*

கிளிநொச்சி நகருக்குத் தென்மேற்கே, காடும் வயலும் சூழ அமைந்திருப்பது அக்கராயன். அக்கராயன் என்ற குறுநில மன்னனின் பெயரால் ஊருக்கும் குளத்துக்கும் பெயர் வந்ததென்பது ஊர் வழக்கு. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. யாழ்ப்பாணத்தில் வீடும் வன்னியில் வயலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வன்னி மண்ணை நோக்கிச் சென்றவர்களின் தொகை மேலும் கூடியது. எனது பெரியப்பாவும் அவர்களில் ஒருவர்.

ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அண்ணரையும் என்னையும் அவர் அங்கு கூட்டிச் செல்வார். பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கும். தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சான் வாங்கி, அங்கிருந்து மேற்கே திரும்பும் காட்டுப்பாதையால் அக்கராயன் சென்றடைவோம். குளத்து நீரில் விளைந்த சிறுபோக நெல் அறுவடைக்குத் தயாராக நிற்கும் காலம் அது. இரவில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்க வேண்டும். வயலோரத்துக் காவற்கொட்டிலில், வைக்கோலின் மேல் சாக்கு விரித்துப் படுப்போம். இன்று பணம் கட்டிப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்கிறார்களே, அந்தக் 'கேம்பிங்' எமக்கு இலவசமாகவே கிடைத்தது.

பெரியப்பாவின் சமையலறை மிகச் சிறியது. ஒரு பானை, ஒரு தாச்சி, அகப்பைக்கும் கோப்பைக்கும் சிரட்டை. வன்னி வயல்வெளியில் கருங்கல் இலகுவில் அகப்படாது. காய்ந்த புற்றுமண் கட்டிகள் மூன்றை முக்கோணமாக வைப்பார். காற்று வரும் பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்தால் விறகு தள்ளுவார். பாலை விறகு நின்று எரியும், அதன் தணல் விடியும் வரை கிடக்கும் என்பதால் நெருப்புப்பெட்டி இரவில் ஒரு குச்சிக்கு மேல் செலவாகாது.

காலையில் பழஞ்சோறு. முதல்நாள் இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பார்கள். காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் ஊறுகாயும் சேர்த்துப் பிசைந்து, உருண்டையாகக் கையில் வைப்பார்கள். அடுப்பு மூட்டவே தேவையில்லை. பழஞ்சோறு மிஞ்சாத நாளில் கஞ்சி. சிவப்பரிசிக் குறுணலைக் குழைய அவித்து, உப்பும் தேங்காய்ப்பாலும் விட்டு, வரம்பில் பிடுங்கிய கீரை ஏதாவது சேர்த்தால் ஆயிற்று. அறுவடைக்கு இறங்குபவர்களின் உணவு அது. வயிற்றை நிரப்பும், உடம்பிலிருந்து வியர்வையாகப் போகும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும். மத்தியானம் சோற்றுடன் குளத்து மீன். விரால் அகப்பட்டால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஜப்பான் மீன். 1950களின் தொடக்கத்தில் இலங்கைக் குளங்களில் விடப்பட்ட திலாப்பியாவுக்கு எமது மக்கள் வைத்த பெயர் அது. அதன் தாயகம் ஆபிரிக்கா என்பது எனக்குப் பல்கலைக்கழகக் காலத்தில்தான் தெரிய வந்தது.

இரவில் ரொட்டி. இதில் மலையக மக்களின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. 1958இலும், பின்னர் பெருந்தொகையாக 1977இலும், இனக்கலவரங்களுக்குத் தப்பித் தோட்டங்களிலிருந்து வந்த மக்கள் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் காடு வெட்டிக் குடியேறினார்கள். கோதுமை மாவை எமது வீடுகளில் 'அமெரிக்கன் மா' என்று சொல்லிச் சற்றுத் தள்ளியே வைத்திருந்தார்கள். அதைப் பிசைந்து, தகரத்தில் தடிப்பாகச் சுட்டு, செத்தல் மிளகாய்ச் சம்பலோடும் வெறுந்தேநீரோடும் உண்ணும் வழக்கத்தை அக்கராயன் வயல்களில் நான் கண்டது அவர்களிடம்தான். பெரியப்பாவின் வயலில் வேலை செய்த ஓர் அம்மா சுட்ட ரொட்டியின் கருகிய ஓரத்துக்காக அண்ணரும் நானும் அடிபட்டிருக்கிறோம்.

*

இரண்டாவது அத்தியாயம் வழிபாடு. முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் ஆலயத்தின் வைகாசிப் பொங்கலுக்கு வன்னியின் எல்லாத் திக்குகளிலிருந்தும் மாட்டு வண்டிகள் செல்லும். கடல்நீரில் விளக்கெரியும் அந்தக் கோயிலின் வெளியெங்கும் குடும்பங்கள் வண்டியை நிறுத்தி, மாட்டை அவிழ்த்து, வண்டிக்கடியில் பாய் விரித்துத் தங்கும். புளியங்குளத்துக்கு அண்மையிலுள்ள புதூர் நாகதம்பிரான் பொங்கலும் அவ்வாறே. மன்னார் மாவட்டத்தின் மடுமாதா திருவிழாவுக்கோ தமிழரும் சிங்களவருமாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்து, காட்டு மரங்களின் கீழ்க் கொட்டிலும் கூடாரமும் அமைத்து நாட்கணக்கில் தங்கினார்கள். பக்கத்துப் பக்கத்து அடுப்புகளில் இருமொழிக்காரரும் சமைத்தார்கள். உப்பும் மிளகாயும் கைமாறின.

பயணத்தின் முதல்நாள் உணவு கட்டுச்சோறு. புளிக்கரைசலும் நல்லெண்ணெயும் வறுத்த மிளகாயும் சேர்த்துப் பிசைந்த சோற்றை வாட்டிய வாழையிலையில் கட்டினால், வெயிற்காலத்திலும் அன்று முழுவதும் கெடாது. புளியின் அமிலம் பழுதாக்கும் கிருமிகளை மந்தப்படுத்தும். தேங்காய் சேர்த்த உணவு அரைநாளிலேயே புளித்துவிடும் என்பதால் அதை வண்டியில் ஏற்றமாட்டார்கள். தங்குமிடம் சேர்ந்தபின் துருவிக்கொள்வார்கள். ஒடியல், புளுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி ஆகியவை பழுதாகாதவை, பாரமும் குறைந்தவை. ஒடியல் மா ஒரு சுண்டு இருந்தால், கையிலுள்ள மீன், மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய், முருங்கையிலை எதையும் ஒரே பானையில் போட்டுக் கூழாக்கலாம். பத்துப் பேர் சுற்றியிருந்து பிலாவிலையில் குடிக்கலாம். கழுவ ஒரு பானைதான் மிஞ்சும்.

இவற்றையெல்லாம் யாரும் புத்தகம் பார்த்துச் செய்யவில்லை. எது கெடாது, எது விரைவில் வேகும், எத்தனை பாத்திரம் போதும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை அவர்களது பயணப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

*

மூன்றாவது அத்தியாயம் தொடங்கிய இடத்தைக் குறிப்பாகச் சொல்ல முடியும். 1990ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது மக்கள் மடுவுக்கு ஓடினார்கள். யாத்திரிகர் தங்கிய அதே மரங்களின் கீழ் அகதிகள் அடுப்பு மூட்டினார்கள். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையகம் அங்கே திறந்த நிவாரண நிலையத்தை அமைத்தது. அடுப்புக் கல்லும் அதே கல், மரமும் அதே மரம். வந்த காரணம் மட்டும் மாறியிருந்தது.

எங்கள் முறை 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் மழைக்குள் வெளியேறிய அந்த இரவைப் பற்றி ஏற்கெனவே பலர் எழுதிவிட்டார்கள். நான் அப்போது இருபத்தைந்து வயது நிருபன். எதை எடுத்து வந்தோம் என்பதை மட்டும் இங்கு சொல்கிறேன். புத்தகங்களை விட்டுவிட்டு, அம்மா ஒரு சருவச்சட்டியையும் அரைப் பை புளுக்கொடியலையும் எடுத்திருந்தார். அன்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மூன்றாம் நாள் கோபம் தீர்ந்துவிட்டது.

1996 ஏப்ரலில் தென்மராட்சியும் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்கு வந்தோம். கிளிநொச்சியில் சில மாதங்கள். ஜூலை இறுதியில் தொடங்கிய 'சத்ஜய' நடவடிக்கை செப்டெம்பரில் கிளிநொச்சி நகரையும் விழுங்கியது. மக்கள் அக்கராயனுக்கும் ஸ்கந்தபுரத்துக்கும் மல்லாவிக்கும் சிதறினார்கள். கிளிநொச்சி மருத்துவமனையும் இடம்பெயர்ந்து அக்கராயனில் இயங்கியது. அண்ணரும் அண்ணியும் அம்மாவும் நானுமாக, பெரியப்பாவின் பழைய வயலுக்கு அண்மையில், ஒரு பாலை மரத்தின் கீழ்த் தறப்பாள் கட்டினோம். சிறுவயதில் காவல் இருந்து விளையாடிய அதே இடத்தில் அகதியாக நிற்பது எப்படியிருந்தது என்று கேட்டால், என்னிடம் இன்றும் சரியான சொல் இல்லை.

பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நிவாரண அட்டைக்கு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி என்று உலர் உணவு கிடைத்தது. கிடைக்காத வாரங்களும் இருந்தன. பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பற்றரியும் பசளையும் வருவதில்லை. மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த விலையை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். ஜாம் போத்தலில் ஒரு திரி வைத்து இரவைக் கழித்தோம். நெருப்புக்குச்சியை மிச்சம் பிடிக்க, தணலைச் சாம்பலால் மூடி விடியும் வரை காத்தோம். பெரியப்பா செய்ததைத்தான் செய்தோம். வித்தியாசம், அவரிடம் நெருப்புப்பெட்டி இருந்தது.

அக்காலத்தில் எம்மைக் காப்பாற்றியது மைசூர்ப் பருப்பு என்று சொன்னால் மிகையாகாது. ஊற வைக்கத் தேவையில்லை. தோல் நீக்கி உடைத்த பருப்பாதலால் கொதிநீரில் கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக வைத்தாலே வெந்துவிடும். விறகும் நீரும் சிக்கனம். பிள்ளைக்கும் நோயாளிக்கும் கிழவருக்கும் ஒரே கறி. இலங்கையில் விளையாத அந்தப் பருப்பு இன்று பெரும்பாலும் கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும்தான் நாட்டுக்குள் வருகிறது. கனடாவில் அதை அதிகமாக விளைவிப்பது சஸ்கச்சுவான் மாகாணம். எனது பெறாமகள் ரொறன்ரோவில் வாங்கும் பருப்பு அவளுடைய ஊர்ப் பருப்பேதான்.

அந்த ஆண்டுகளில் வன்னியில் மலேரியா பேயாட்டம் ஆடியது. வாய் கசந்து கிடந்தவர்களுக்கு மீண்டும் கஞ்சிதான். நானும் இருமுறை கிடந்தேன். அண்ணி வயிற்றில் பிள்ளையோடு குளத்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அரிசி கிடைத்த நாளில் கஞ்சி காய்ச்சித் தந்தார். தேங்காய் கிடைத்தால் பால் விடுவார். கிடைக்காவிட்டால் உப்புக்கஞ்சி. இலங்கை மலேரியா ஒழிந்த நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கஞ்சியின் சூடு.

*

1998இல் நான் வன்னியை விட்டு வெளியேறினேன். அண்ணர் குடும்பம் அங்கேயே இருந்தது. 2002ஆம் ஆண்டுச் சமாதான காலத்தில் அவர்கள் அக்கராயனில் சிறிய கல்வீடு கட்டினார்கள். 2008 இன் பிற்பகுதியில் போர் அக்கராயனுக்கு வந்தது. மக்கள் கிழக்கே நகர்ந்து நகர்ந்து கடற்கரையில் முடிந்த கதை உலகம் அறிந்தது.

அந்தக் கதையில் உணவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2009 பெப்ரவரியில், போர் வலயத்துக்குள் இருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என்று அரசாங்கம் கூறியது. அங்கிருந்த அரச அலுவலர்களின் கணக்கோ 330,000. அனுப்பப்பட்ட உணவு குறைந்த கணக்கையொட்டியே இருந்தது. போர் முடிந்தபின் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டபோது எந்தக் கணக்கு உண்மைக்கு அண்மித்தது என்பது தெளிவாயிற்று. இடையில் இருந்தவர்கள் உண்டது அரிசியும் தண்ணீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. பால் இல்லை, கீரை இல்லை. பெரிய கிடாரங்களில் காய்ச்சி, வரிசையில் நின்றோருக்கு ஊற்றினார்கள். ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் பாத்திரத்தோடு கஞ்சி வரிசைக்குப் போன அண்ணர் திரும்பி வரவில்லை.

அதன்பின் அண்ணியும் பிள்ளையும் செட்டிகுளம் மனிக் பாம் முகாமில், வெள்ளைக் கூடாரத்தில். பின்னர் அக்கராயனுக்கு மீள்குடியேற்றம். கூரையில்லாத வீட்டின் முன் மறுபடியும் தறப்பாள், மறுபடியும் மூன்று கல். சில ஆண்டுகளின் பின்னரே கனடா.

இன்று ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் வடக்குக் கிழக்கில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி வழங்குகிறார்கள். 2024 மே மாதத்தில், திருகோணமலை மாவட்டம் சம்பூர்ப் பகுதியில் அதை வழங்கியமைக்காக மூன்று பெண்கள் உட்பட நால்வர் கைது செய்யப்பட்டார்கள். உப்பும் அரிசியும் தண்ணீரும் சேர்ந்த ஓர் உணவுக்கு அவ்வளவு வரலாறு ஏறிவிட்டது. அந்த நினைவேந்தல் தொடர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு பத்திரிகையாளனாக இன்னொன்றையும் பதிவு செய்ய விரும்புகிறேன். அறுவடைக்காரரின் கையில் இருந்தபோது அதே கஞ்சிக்குப் பாலும் கீரையும் சிரிப்பும் இருந்தன. அதை மறந்தால், பறிக்கப்பட்டது எது என்பதையே நாம் மறந்தவர்களாவோம்.

*

பெறாமகளுக்கு நான் எழுதி அனுப்பிய பட்டியல் இதுதான்.

முதல் நாள் மத்தியானம்: வீட்டிலிருந்தே கட்டுச்சோறு. தேங்காய் சேர்க்க வேண்டாம். இரவு: தடித்த ரொட்டி, இடித்த சம்பல். மாவை உப்பும் தேங்காய்ப்பூவும் சேர்த்து அங்கேயே குழைக்கவும். பிள்ளைகளைத் தட்ட விடவும்.

இரண்டாம் நாள் காலை: கௌபி அவித்து, தேங்காய்ப்பூவும் சீனியும். முதல்நாள் இரவே ஊறப்போட மறக்க வேண்டாம். மத்தியானம்: சோறு, மைசூர்ப் பருப்பு, நெத்தலிக் கருவாட்டுப் பொரியல். இரவு: ஒடியற் கூழ். ஒடியல் மா அங்குள்ள தமிழ்க் கடைகளில் கிடைக்கும். மாவை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, மேல்நீரை வடித்தால்தான் கசப்புப் போகும்.

விறகை வீட்டிலிருந்து கொண்டு போகாமல் அங்கேயே வாங்கவும். மரத்தை அழிக்கும் பூச்சிகள் விறகோடு பயணம் செய்வதால் அங்கு அப்படித்தான் அறிவுறுத்துகிறார்கள். காய்ந்த கோடையில் நெருப்பு மூட்டத் தடை வருவதுண்டு. சிறிய காஸ் அடுப்பொன்று கையில் இருக்கட்டும். மிஞ்சிய உணவைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது. கரடி வரும். அக்கராயனிலும் பாலைப்பழக் காலத்தில் கரடி வரும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லவும்.

மூன்றாம் நாள் காலைக்கு நான் எழுதியது கஞ்சி. சிவப்பரிசிக் குறுணல், தேங்காய்ப்பால், ஏதாவதொரு கீரை, உப்பு.

இரண்டு நாள் கழித்துப் பெறாமகள் தொலைபேசி எடுத்தாள். பட்டியலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாளாம். ரொட்டி என்றதும், மாவுக்குச் சுடுதண்ணீர் விட்டால்தான் மெதுவாக வரும், சித்தப்பாவுக்கு அது தெரியாது என்றாராம். கருவாட்டுக்குச் சிரித்தாராம். கஞ்சி வந்ததும் எழுந்து குசினிக்குள் போய்விட்டாராம்.

"அதை வெட்டிவிடட்டே சித்தப்பா?" என்று கேட்டாள்.

"வெட்டாதை. அப்பிடியே இருக்கட்டும். வைக்கிறதும் விடுறதும் அம்மான்ரை விருப்பம்" என்றேன்.

அண்ணி அவர்களோடு போவாரா என்பது இதை எழுதும்வரை தெரியாது. கடைசியாகப் பெறாமகள் சொன்ன செய்தி இவ்வளவுதான்: சாமான்களை எடுத்து வைத்தபோது, சட்டிகள் நான்கு கூடிப்போய்விட்டன, ஒரு சருவச்சட்டி போதும் என்று அம்மா வந்து மூன்றைத் திருப்பி எடுத்து வைத்துவிட்டாராம்.